மதகுக்கு அந்தப் பக்கம்

எந்தக் கம்பைலரின் மூலநிரலைத் திறந்து பார்த்தாலும் அதில் ஓர் அடைவு இருக்கும். ‘யுடில்’ என்றோ ‘காமன்’ என்றோ ‘சப்போர்ட்’ என்றோ பெயர் வைத்திருப்பார்கள். இலக்கணத்தைப் பிரிக்கிற பகுதிக்கும், வகைகளைச் சரிபார்க்கிற பகுதிக்கும், இயந்திரக் கட்டளையாக மாற்றுகிற பகுதிக்கும் தனித்தனி அடைவுகள், தனித்தனி ஆட்கள். அவற்றைப் பற்றி தலையணை கனத்தில் புத்தகங்கள் உண்டு. இந்தக் காமன் அடைவைப் பற்றி மட்டும் யாரும் புத்தகம் எழுதுவதில்லை. சரத்தை வெட்டுவது, ஒட்டுவது, எழுத்தை எண்ணாக்குவது, நினைவகம் கேட்டு வாங்குவது, பட்டியலில் ஒன்றைத் தேடுவது. வீட்டில் ஆணி டப்பா, டார்ச் லைட், அரிவாள்மணை மாதிரி. யாருடையது என்று கேட்டால் எல்லோரும் ‘நம்மளுதுதான்’ என்பார்கள். காணாமல் போனால் யார் கடைசியாக எடுத்தது என்று சண்டை வரும்.

நான் அந்த அடைவில் ஒரு செயற்கூறை மாற்றினேன். 2014ல். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பத்து வருடம் கழித்து ஏன் எழுதுகிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தொழிற்சாலை இயந்திரங்களை இயக்குகிற ஒரு சின்ன மொழிக்கு அங்கே கம்பைலர் எழுதினோம். இருபது பேர். காமன் அடைவில் ஒரு செயற்கூறு இருந்தது. எழுத்துச் சரத்தைக் கொடுத்தால் எண்ணாகத் திருப்பித் தரும். ‘42’ கொடுத்தால் 42. ஒன்றுமே இல்லாத வெற்றுச் சரத்தைக் கொடுத்தால் 0. அப்படி ஏன் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்.

எனக்கு அது தப்பாகப் பட்டது. இன்றும் தப்பு என்றுதான் சொல்வேன். மொழியில் ஒரு டைமர் கட்டளை உண்டு. இத்தனை வினாடி காத்திரு என்று அதில் எண் கொடுக்க வேண்டும். பயனர் எண்ணை எழுத மறந்துவிட்டால் கம்பைலர் திட்ட வேண்டுமா இல்லையா? எங்கள் கம்பைலர் திட்டாமல் கொள்ளாமல் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. காத்திருக்க வேண்டிய இயந்திரம் காத்திராமல் அடுத்த வேலைக்குப் போகும். பக்கத்தில் ஆள் கை வைத்திருந்தால்? நான் வெற்றுச் சரம் வந்தால் பிழை என்று மாற்றினேன். மூன்று வரி. சோதனைகள் எல்லாம் பச்சை. இரண்டு சீனியர்கள் பார்த்து சரி என்றார்கள்.

அதே செயற்கூறை இன்னொரு குழு ஒரு துணைக் கருவியில் பயன்படுத்திக்கொண்டிருந்தது. வாடிக்கையாளரின் அமைப்பு அட்டவணையைப் படிக்கிற கருவி. அந்த அட்டவணையில் காலியாக விட்ட கட்டத்துக்குப் பூஜ்யம் என்று அர்த்தம். அந்த ஊர் வழக்கம் அப்படி. புதிய பதிப்பு போன மறுநாள் இரவு ஒரு தொழிற்சாலையில் நிரல் கட்டமைப்பு பாதியில் நின்றது. காலை ஷிஃப்ட் ஓடவில்லை. யாருக்கும் அடிபடவில்லை. பணம்தான் போனது. ஆனால் நிறையப் போனது.

அந்தக் கருவியில் அதே வாரம் ஒரு பையன் கை வைத்திருந்தான். ஒப்பந்த ஊழியன், திருச்சிப் பக்கம், வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதம். இயல்பாகவே எல்லாக் கண்ணும் அவன்மேல் போயிற்று. மூன்றாம் நாள் பிழைச் சுவடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. காமன் அடைவு தெரிந்தவன் என்பதால் அறிக்கை எழுதச் சொன்னதும் என்னைத்தான். ‘ஆவணப்படுத்தப்படாத நடத்தையைச் சார்ந்திருந்ததால் ஏற்பட்ட பிழை’ என்று எழுதினேன்.

பொய் இல்லை. வரிக்கு வரி உண்மை. பள்ளிக்கூடத்தில் தமிழய்யா ‘தோன்றா எழுவாய்’ என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார். எழுவாய் வாக்கியத்தில் வெளியே தெரியாது, உள்ளே மறைந்து நிற்கும். அது எதற்குப் பயன்படும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சார்ந்திருந்தது யார்? அவன். மாற்றியது யார்? அந்தக் கேள்வியே வாக்கியத்தில் இல்லை.

அடுத்த மாதம் அவனுடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

*

கம்பைலர் என்ற பெயரே இந்தப் பொது அடைவிலிருந்து வந்ததுதான் என்று சொன்னால் எங்கள் துறை ஆட்களே சிலர் நம்புவதில்லை. 1950களின் தொடக்கத்தில் கிரேஸ் ஹாப்பர் யூனிவாக் கணினிக்கு எழுதிய ஏ-0 என்ற நிரல்தான் அந்தப் பெயரோடு வந்தவற்றில் முதன்மையானது. அது செய்தது இன்றைய அர்த்தத்தில் மொழிபெயர்ப்பு இல்லை. ஏற்கெனவே எழுதி நாடாவில் சேர்த்து வைத்த துணைநிரல்களை எண் சொன்னால் எடுத்து வரிசையாகத் தொகுத்துக் கொடுத்தது. தொகுப்பது, அதாவது கம்பைல் செய்வது. அதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? ஒருவர் எழுதிய துணைநிரலை இன்னொருவர் நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது பார்த்து எழுதினார்கள். எழுதும்போது பிழை வரும். முகவரிகளைக் கூட்டிப் போடும்போது இன்னும் பிழை வரும். மனிதர்கள் பார்த்து எழுதுவதிலும் கூட்டுவதிலும் மோசம் என்று ஹாப்பர் கண்டுகொண்டார். ஆக முதலில் வந்தது பொதுச்சொத்து. கம்பைலர் அதற்குக் கணக்குப்பிள்ளையாக வந்து சேர்ந்தது.

குனு கம்பைலர் தொகுப்பில் இந்த அடைவுக்குப் பெயர் ‘லிபைபர்ட்டி’. யூனிக்ஸ் வழக்கப்படி எல்லா நூலகத்தின் பெயரும் ‘லிப்’ என்று தொடங்கும். அதை நிரலோடு இணைக்கும்போது ‘லிப்’ என்பதை விட்டுவிட்டு, ஒரு கோடும் ‘எல்’ என்ற எழுத்தும் போட்டு மிச்சப் பெயரை எழுத வேண்டும். லிபைபர்ட்டியை அப்படி எழுதினால் கட்டளையில் ‘லிபர்ட்டி’ என்று வந்து நிற்கும். சுதந்திரம். நிரலாளர்களின் நகைச்சுவை இந்த அளவில்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். கம்பைலர், பிழைதேடும் ஜிடிபி, இணைப்பான்கள் எல்லாம் இதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

அதில் ‘எக்ஸ்மாலாக்’ என்று ஒன்று. நினைவகம் வாங்கிக் கொடுக்கிற செயற்கூறு. நினைவகம் இல்லையென்றால் வழக்கமான மாலாக் ‘இல்லை’ என்று கையை விரித்துவிடும். கேட்டவர் அதைக் கவனித்து ஏதாவது செய்ய வேண்டும். யாரும் கவனிப்பதில்லை. அதனால் எக்ஸ்மாலாக் என்ன செய்யும் என்றால், இல்லையென்று ஒரு செய்தியைப் பதித்துவிட்டு மொத்த நிரலையும் அங்கேயே முடித்துவிடும். கம்பைலருக்கு இது சரியான முடிவு. பாதியில் செத்தால் மறுபடி ஓட்டினால் போயிற்று. ஜிடிபிக்கு அப்படி இல்லை. ஒருவர் நான்கு மணி நேரமாக ஒரு பிழையைத் துரத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நினைவகம் போதவில்லை என்று அது தன்னை முடித்துக்கொண்டால் எப்படி? அதனால் ஜிடிபிக்காரர்கள் அதே பெயரில் தங்களுக்கென்று ஒரு எக்ஸ்மாலாக் எழுதிக்கொண்டார்கள். பெயர் ஒன்று, குணம் வேறு.

இதைப் படித்த நாளில் எனக்கு உறைத்தது இதுதான். பொதுச் செயற்கூறு என்பது வெறும் கருவி இல்லை. எப்போது விட்டுக்கொடுக்கலாம், எப்போது செத்துப்போகலாம் என்று ஒருவர் எல்லோருக்காகவும் எடுத்துவைத்த முடிவு அது. அந்த எல்லோரையும் அவர் பார்த்ததே இல்லை. அவர்களும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

*

எங்கள் பெரியப்பா லஸ்கர். பொதுப்பணித்துறையில் வாய்க்கால் மதகைத் திறந்து மூடுகிறவர், கரையில் நடந்து உடைப்பு பார்க்கிறவர். வீடு ஸ்ரீரங்கத்தில், வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் உய்யக்கொண்டான் கரையில். சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டிப் போவார். பள்ளிக்கூட லீவில் நான் கேரியரில்.

உய்யக்கொண்டான் சோழர் காலத்து வாய்க்கால். இன்று திருச்சி ஊருக்கு நடுவே ஓடுகிறது, அதனால் ஊரின் சகல அழுக்கையும் சுமக்கிறது. கோடையில் சில நாட்கள் தண்ணீர் நின்று கிளை வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும். காய்ந்து கிடந்தால் சும்மா இருப்போமா? ஒருவர் ஆடு கட்டுவார். பையன்கள் ஸ்டம்ப் நடுவார்கள். ஒரு அம்மாள் வரிசையாகப் போர்வை காயப்போட்டிருப்பார். மதகைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தால் பெரியப்பா நேரே மதகுக்குப் போகமாட்டார். கிளை வாய்க்கால் கடைசிவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். “தண்ணி வருது, தண்ணி வருது” என்று சத்தம் கொடுத்துக்கொண்டே. போர்வையை எடுக்கச் சொல்வார். ஆட்டை அவிழ்க்கச் சொல்வார். அந்தம்மாள் திட்டும். அதற்குப் பிறகு திரும்பி நடந்து வந்து திருகில் கை வைப்பார். எனக்குக் கால் வலிக்கும்.

“வாய்க்கால்ல துணி காயப்போடறது அவங்க தப்புதானே பெரியப்பா? நீங்க ஏன் நடக்கணும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“தப்புதான். யாரு இல்லேன்னா? அதுக்காக சொல்லாம தொறந்துடறதாடா?”

இதைப் பெரிய தத்துவமாக அவர் சொல்லவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார். நானும் அன்றைக்கு அதை ஒன்றும் நினைக்கவில்லை. காய்ந்த வாய்க்கால் காய்ந்தே இருக்கும் என்று யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் நாற்பது நாள் அது காய்ந்து கிடந்தது, ஜனங்கள் பார்த்தார்கள், அதை நம்பி ஒரு பிழைப்பை ஓட்டினார்கள்.

எங்கள் துறையில் இதற்கு ஹைரம் விதி என்று பெயர். கூகுளில் வேலை செய்த ஹைரம் ரைட் என்பவரின் பெயரால் வழங்குவது. ஒரு செயற்கூறுக்குப் போதுமான அளவு பயனர்கள் சேர்ந்துவிட்டால், அது ஆவணத்தில் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்பது பொருட்டே இல்லை. அது வெளியே காட்டுகிற ஒவ்வொரு நடத்தையையும், அதன் தவறுகளையும் சேர்த்து, யாரோ ஒருவர் சார்ந்திருப்பார். இதை நிரலாளர்கள் பெருமூச்சோடு சொல்வார்கள். பயனர்கள் இப்படித்தான், என்ன செய்வது என்கிற மாதிரி. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அறிக்கையின் அந்த ஒரு வரி இந்தப் பெருமூச்சின் அலுவலக வடிவம்தான்.

இங்கே ஒரு எதிர்வாதம் உண்டு, லேசானது இல்லை. யாரோ எங்கோ சார்ந்திருக்கிறார்கள் என்று பயந்து எதையும் மாற்றாமலே இருந்தால் அந்த டைமர் என்றென்றைக்கும் பூஜ்யத்தை எடுத்துக்கொண்டிருக்கும். ஒருநாள் யாருடைய விரலாவது போகும். தண்ணீரைத் திறக்கத்தான் மதகு. துணி காய்கிறது என்று திறக்காமல் இருந்தால் வயலில் நாற்று காயும். பெரியப்பா ஒருநாளும் திறக்காமல் இருந்ததில்லை. ஆக மாற்றினது தப்பில்லை. அப்படியானால் எது தப்பு? நடக்காதது. காமன் அடைவில் அந்தச் செயற்கூறை யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று தேட எனக்கு ஒரு கட்டளை போதும், அரை நிமிடம். என் குழுவின் அடைவுக்குள் மட்டும் தேடினேன். மதகுக்கு இந்தப் பக்கம் மட்டும். அதுகூட மன்னிக்கக்கூடியதுதான், மறதி. அறிக்கை மறதி இல்லை.

*

கடமை ஒரு பக்கத்தில் மட்டும்தானா என்றால், இல்லை. தண்ணீர் எடுக்கிறவர் வாய்க்காலுக்கு என்ன செய்கிறார்?

2024 மார்ச்சில் ஒரு விஷயம் நடந்தது. எக்ஸ்இசட் என்று ஒரு சுருக்குநூலகம். உலகத்தின் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருப்பது. அதை வருடக்கணக்காக ஒரே ஒருவர் சம்பளமில்லாமல் பராமரித்துக்கொண்டிருந்தார். 2022லேயே தனக்கு மனநலம் சரியில்லை, இது காசு வாங்காமல் செய்கிற வேலை என்று பொதுவில் எழுதினார். அதற்குப் பதிலாக முன்பின் தெரியாத சிலர், வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஆளிடம் கொடு என்று நச்சரித்தார்கள். நல்ல பிள்ளையாக ஒருவர் உதவிக்கு வந்தார். ஜியா டான் என்று பெயர் சொல்லிக்கொண்டார். இரண்டு வருடம்போல் பொறுமையாக உதவினார். சாவி கைக்கு வந்ததும் பின்வாசல் ஒன்றை வைத்தார். மைக்ரோசாஃப்ட்டில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கு அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்ததால் பிடிபட்டது. அரை வினாடியைப் பொருட்படுத்துகிற ஆள் ஒருவர் இருந்தார், தப்பித்தோம்.

இதில் திருடனைவிட என்னைத் தொந்தரவு செய்வது நச்சரித்தவர்கள்தான். அவர்களும் திருடனின் கூட்டாளிகள் என்று பிற்பாடு பலர் சந்தேகப்பட்டார்கள். இருக்கலாம். ஆனால் அந்த நச்சரிப்பு யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை, ஏனென்றால் பொதுச் சொத்தைப் பராமரிக்கிறவரிடம் நாம் எல்லோரும் பேசுகிற தொனி அதுதான்.

நம் ஊரில் இதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது: குடிமராமத்து. ஏரி வாய்க்கால் தண்ணீரில் விவசாயம் செய்கிறவர்கள் கோடையில் கூடி வண்டல் எடுக்க வேண்டும், கரையைக் கட்ட வேண்டும். 1858ல் மதராஸ் அரசாங்கம் இதைக் கட்டாய உழைப்புச் சட்டமாகவே போட்டது. ஊர் வழக்கத்துக்குச் சட்டம் தேவைப்படுகிறதென்றால் வழக்கம் அப்போதே ஆட்டம் கண்டிருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 2017 வாக்கில் தமிழக அரசு அதே பெயரில் ஏரி குளங்களைத் தூர்வாரும் திட்டத்தை மறுபடி கொண்டுவந்தது. குடிமராமத்தை நினைத்து உருகுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மண் வெட்டியவரும் நெல்லைக் களஞ்சியத்தில் கொட்டியவரும் எல்லா ஊரிலும் ஒரே ஆள் இல்லை. இன்றைய கட்டற்ற மென்பொருளிலும் இதே கதைதான். வெட்டுகிறவர் ராத்திரி கண் விழித்து வெட்டுகிறார், களஞ்சியம் வேறு யாருடையதோ.

முக்கொம்பை ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டாம். மற்றவர்களுக்கு: காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம். ஆர்தர் காட்டன் 1830களில் அங்கே மேலணை கட்டினார். கூடுதல் வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் தள்ளிவிட்டுக் காவிரிக்கு வேண்டியதை வைத்துக்கொள்வது அதன் வேலை. நூற்றெண்பது வருடம் அப்படியே செய்தது. 2018 ஆகஸ்ட் 22 அன்று அதன் 9 மதகுகள் வரிசையாக ஆற்றோடு போயின. அதே மாதத்தில், போக்குவரத்து ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்த கொள்ளிடம் பழைய இரும்புப் பாலமும் தூண் சரிந்து விழுந்தது. மறுநாள் ஊரே பார்க்கப் போயிற்று. பெரியப்பா ரிடையர் ஆகிப் பல வருடம், முட்டி வலி. ஆட்டோவில் கூட்டிப்போனேன். கூட்டத்தில் யார் காரணம், யார் காரணம் என்று ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது மட்டும், “பொறந்ததுலேருந்து இதுல வர்ற தண்ணியக் குடிச்சிருக்கேன், இத யாரு கட்டினாங்கன்னு நான் யோசிச்சதே இல்ல பாரு” என்றார்.

*

என் தங்கை மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்கு எழில் கற்றுக்கொடுத்தேன். முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி. 2009லேயே அதைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வந்தது. பிறகு கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார். ‘பதிப்பி’ என்றால் திரையில் எழுதும். ‘நிரல்பாகம்’ என்றால் செயற்கூறு. ‘பின்கொடு’ என்றால் விடையைத் திருப்பித் தரும். எழிலோடு சேர்ந்து ஓப்பன்-தமிழ் என்ற நூலகமும் வளர்ந்தது. அதில்தான் நான் சொல்லும் அந்தப் பொது அடைவின் சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஒரு சொல்லைக் கொடுத்தால் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயற்கூறு மாதிரி.

இது என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். ‘திருச்சிராப்பள்ளி’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டு ஒன்பது என்னும். யூனிகோடு 17 என்னும், ஏனென்றால் அதற்கு ‘தி’ என்பது ‘த’வும் ஒரு கொக்கியும். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 51 பைட்டுகள். கம்பைலர் பிழையைச் சுட்டிக்காட்ட வரிக்குக் கீழே ஒரு கூர்முனை போடும் இல்லையா, அது எழுத்தை எண்ணத் தெரியாத கம்பைலரில் பக்கத்து வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு தமிழ் நிரல்மொழிக்கு முதல் தேவை இலக்கணம் இல்லை, ஒன்பது என்று சொல்லத் தெரிந்த ஒரு சின்னச் செயற்கூறு. அதை ஒருவர் எழுதி வைத்துவிட்டால் மற்றவர்கள் அதை மறந்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

அவளும் நானும் விளையாட்டாக எங்களுக்கென்று ஒரு குட்டி மொழி எழுத ஆரம்பித்தோம். ஸ்ரீரங்கத்தில் மாட்டிக்கொண்டோம். அந்த ‘ஸ்ரீ’யில். அதை இரண்டு விதமாகத் தட்டச்சலாம். ‘ஸ’வில் தொடங்கி ஒரு வழி. 2005ல் யூனிகோடு 4.1ல் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கி இன்னொரு வழி, ஶ்ரீ. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் திரையில் அச்சாக ஒன்று. கணினிக்கு வேறு வேறு. ‘கொ’வை இரண்டு விதமாக அடித்தால் ஒன்றாக்க யூனிகோடிலேயே விதி இருக்கிறது. இதற்கு அப்படி இல்லை. அவள் ஸ்ரீரங்கம் என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்து எண் கொடுத்தாள். நான் என் மடிக்கணினியில் அதே பெயரை அடித்துக் கேட்டேன். அப்படி ஒரு மாறியே இல்லை என்றது. திரையில் எதிரெதிரே அதே பெயர், இருக்கிறது என்றும் இல்லை என்றும்.

“மாமா, ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிடலாம்ல?”

சொல்லிவிடலாம். இரண்டு பெயரை ஒப்பிடுகிற செயற்கூறில் ஒரு வரி. ஆனால் ஏற்கெனவே அவளுடைய சிநேகிதிகள் மூன்று பேர் எங்கள் மொழியில் ஏதேதோ எழுதி வைத்திருந்தார்கள். யாராவது ஒருத்தி இரண்டு விதமாக அடித்து இரண்டு வேறு மாறிகளாகத் தெரியாமலேயே வைத்திருந்தால்? மூன்றே மூன்று பேர், சிரிப்பாகத்தான் இருக்கிறது. அவளிடம், முதலில் அவர்கள் மூன்று பேரையும் கேட்டுவிட்டு வா என்றேன். போனில் கேட்டாள். ஒருத்தி கோயில் பெயர் வைத்து ஏதோ எழுதியிருந்தாள், பார்த்துச் சொல்கிறேன் என்றாளாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று பேரைக் கேட்கத் தெரிகிறது.

*

அவனைத் தேடிப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. திருச்சியிலேயே, நவல்பட்டு ஐ.டி. பார்க்கில் வேலை. அவன் என்று எழுதுகிறேன், இப்போது அவருக்கு முப்பத்தைந்து இருக்கும், ஒரு பெண் குழந்தை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டீக்கடையில் பார்த்தோம். நான் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். செயற்கூறை மாற்றியது நான். மூன்றாம் நாளே தெரியும். அறிக்கையில் எழுதவில்லை.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். முடித்ததும், “தெரியும் சார்” என்றார்.

“எப்ப?”

“அன்னிக்கே. பிளேம் போட்டுப் பாத்தேன்.”

கிட் மென்பொருளில் அப்படி ஒரு கட்டளை உண்டு. ஒரு கோப்பைக் கொடுத்தால் ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார், எப்போது என்று பக்கத்தில் பெயர் போட்டுக் காட்டும். குற்றம்சாட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் பெயர் மூன்று வரிகளுக்குப் பக்கத்தில் தேதியோடு இருந்திருக்கிறது. எழுவாய் அங்கே தோன்றியே இருந்தது. எனக்குத்தான் அதைப் பார்க்க யாரும் போகமாட்டார்கள் என்று நினைப்பு.

“அப்புறம் ஏன் சொல்லல?”

“சொன்னேனே சார். மேனேஜர்ட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் நீங்க எழுதின ரிப்போர்ட்ட காட்டினார். இதுல இப்படித்தானே போட்டிருக்குன்னார். எனக்கு இங்கிலீஷ்ல அதுக்கு மேல பேச வரல.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. கோபமாகவும் இல்லை. ஊருக்கே வந்துவிட்டது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று, அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடிகிறது என்றார். அதை எனக்காகச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படியா என்று தெரியவில்லை. காசு நான் கொடுக்கப் போனேன், விடவில்லை. இரண்டு டீக்கும் அவரே கொடுத்தார்.

பஸ் பிடிக்க நடந்தபோது கேட்டார். “அந்த ஃபங்ஷன் இப்ப என்ன சார் பண்ணுது? வெறும் சரம் வந்தா?”

“பிழைன்னுதான் சொல்லுது. நான் வேலைய விடற வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு.”

“அதான் சரி” என்றார். நவல்பட்டு பஸ் வந்துவிட்டது.